சாம்பலுக்கு ஒரு தொட்டி இல்லையா?

ஜூலை 15 வந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் காமராஜர்தான். பள்ளிக்கூட வாசலில், பஸ் ஸ்டாண்டில், முச்சந்தியில், டீக்கடைக் கூரையில். கல்வி வளர்ச்சி நாள் என்பதால் அருப்புக்கோட்டையிலும் சரி, திருச்சுழியிலும் சரி, சின்னப் பள்ளிக்கூடம்கூட ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஃப்ளெக்ஸில் இருக்கிற ஆளை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கன்னம் பால்கோவா நிறத்தில் இருக்கும். உதட்டில் ரோஸ் பூசியிருக்கும். மோவாய்க்குக் கீழே மட்டும் கொஞ்சம் பச்சை தட்டியிருக்கும். கறுப்புக் காந்தி என்று நாடே அழைத்த மனிதரை, அவர் பிறந்த மாவட்டத்திலேயே வெளுத்துக் காயப்போட்டிருக்கிறோம்.

1903இல் விருதுபட்டியில் பிறந்தவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். 1975இல் மறைந்தார். அவருடைய பொதுவாழ்க்கை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பதிவாகியிருக்கிறது. அந்தப் படங்களில் அவர் கறுப்பாகத்தான் இருக்கிறார். ஆனால் அந்தக் கறுப்புக்குள்ளே நெற்றியின் மினுமினுப்பு ஒரு நிறம், கன்னத்தின் இறக்கம் ஒரு நிறம், துண்டின் நிழல் விழுந்த கழுத்து வேறொரு நிறம். எல்லாமே சாம்பலின் படிகள். இந்தப் படிகளை ஒழுங்காகத் தாளில் இறக்குவதற்கு நம் ஊர் அச்சு இயந்திரங்களில் மை இல்லை. என் வழக்கு அதுதான்.

வழக்கை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் மைகளைக் கலந்து அச்சடிப்பது ஒரு பொய். கறுத்த மனிதர்களின் படத்தில் அந்தப் பொய் அவமரியாதையாகவும் ஆகிவிடுகிறது. இங்க்ஜெட் பிரிண்டரில் சாம்பல் மை என்பது ஏதோ மேல்நாட்டுக் கலைஞர்களின் ஆடம்பரம் என்று நம் ஸ்டூடியோக்காரர்களும் பதிப்பாளர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கரிசல் காட்டுக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிப் பக்கம் போனால், எந்த வீட்டிலும் முன்அறைச் சுவரில் நிலைக்கு மேலே படம் இருக்கும். அய்யா, அப்பத்தா, அகாலத்தில் போன சித்தப்பா. கீழே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, மேலே பிளாஸ்டிக் மாலை. கொஞ்சம் வசதியும் அரசியலும் உள்ள வீடென்றால் படத்திறப்பு என்று பத்திரிகை அடித்து, ஊரைக் கூட்டி, துணியை விலக்கிப் படத்தைத் திறந்திருப்பார்கள். நம்மிடம் இறந்தவருக்குக் கல்லறை பெரிதில்லை. எரித்தோ புதைத்தோ முடித்த பிறகு, ஆளுக்குப் பதிலாக வீட்டில் இருக்கப்போவது அந்தப் படம்தான். கல்யாணப் பத்திரிகையை முதலில் வைப்பது அதன் முன்னால். மகன் வெளிநாடு போகும்போது கும்பிட்டுவிட்டுப் போவது அதைத்தான்.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் மூலம் கறுப்பு வெள்ளை. ரேஷன் கார்டுக்கு எடுத்தது, கல்யாணத்துக்கு மதுரை போய் எடுத்தது, திருவிழாக் கூட்டத்தில் தூண்பக்கமாக நின்றபோது யாரோ எடுத்தது. கரையான் அரித்து, மழைத்தண்ணீர் பட்டு மூலப் படம் வீணாகும் கட்டத்தில் பேரன் அதை செல்போனில் பிடித்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகிறான். திரும்பி வரும் அய்யா பச்சையாக இருக்கிறார். அப்பத்தா வெங்காயத் தோல் நிறத்தில் இருக்கிறாள். திருச்சுழிப் பக்கம் ஒரு வீட்டில், புதிதாகப் பிரேம் போட்டு வந்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி பேரனைக் கேட்டதை நான் கேட்டேன்: “யாருய்யா இது? ஒங்க தாத்தன் இம்புட்டு வெளுப்பு இல்லையே. இது யாரோ டவுனு ஆளு மாதிரில்ல இருக்கு.” பேரன் சிரித்தான். பாட்டி சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த முகத்தை ஒரு மைத்தொட்டி மாற்றிவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? நம் ஊருக்குப் புரிகிற மாதிரியே சொல்லலாம். அருப்புக்கோட்டை நெசவு ஊர். சாம்பல் நிறத் துணி வேண்டுமென்றால் இரண்டு வழி இருப்பது தறி பழகிய எவருக்கும் தெரியும். ஒன்று, பாவில் கறுப்பு நூலும் ஊடையில் வெள்ளை நூலும் போட்டு நெய்வது. தூரத்தில் பார்த்தால் சாம்பல், கிட்டப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி புள்ளி. இன்னொன்று, நூலையே சாம்பல் சாயத்தில் முக்கி எடுத்து நெய்வது. கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலும் அது சாம்பல்தான். இங்க்ஜெட் பிரிண்டருக்கும் இதே கணக்கு. கறுப்பு மை மட்டும் உள்ள பிரிண்டர் சாம்பலைக் காட்டக் கறுப்புப் புள்ளிகளை இடம்விட்டுத் தெளிக்கிறது. அய்யாவின் நரைத்த மீசையும் வேட்டியும் மணல் கொட்டிய மாதிரி ஆவது அதனால்தான்.

இந்தப் புள்ளியை மறைக்கக் கலர் பிரிண்டர் மூன்றாவதாக ஒரு தந்திரம் செய்கிறது. சியான், மெஜெந்தா, மஞ்சள் ஆகிய மூன்றையும் கலந்து, ‘இதுதான் சாம்பல்’ என்று காட்டுகிறது. மூன்றும் துல்லியமாகச் சமன்பட்டால் கண் ஏமாந்துவிடும். ஒன்று ஒரு துளி கூடினாலும் படம் பச்சைக்கோ ரோஸுக்கோ சாய்ந்துவிடும். நிறம் உள்ள படத்தில் இந்தச் சாய்வை யாரும் கவனிப்பதில்லை, அங்கே ஒளிந்துகொள்ள நூறு நிறம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அதற்கு ஒளிய இடமே கிடையாது.

சரி, கடையில் பார்த்தபோது சமமாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் மாறும். கலர் மைகளைக் கலந்து செய்த சாம்பல் ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஒவ்வொரு நிறம் காட்டும். ஒவ்வொரு மையும் ஒளியின் ஒரு பகுதியை மட்டும் விழுங்குகிறது, ஒவ்வொரு விளக்கும் அந்தப் பகுதிகளை வேறு வேறு அளவில் கொடுக்கிறது. காலையில் வாசல் வெயிலில் ஒரு அய்யா, டியூப்லைட்டில் இன்னொரு அய்யா. அதற்குக் கீழே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறதே, அது இன்னும் வேடிக்கை. சிவப்பு வெளிச்சத்தில் மெஜெந்தாவும் மஞ்சளும் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சியான் மட்டும் கறுப்பாக நிற்கும். எங்கே சியான் கூடுதலோ அங்கே முகத்தில் குழி விழும். கரியால் ஆன சாம்பல் மைக்கு இந்த வியாதி கிடையாது. கரி எல்லா ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுங்குவது. சிவப்பு பல்பின் கீழே படம் சிவக்கும், அவ்வளவுதான். முகம் அதே முகமாக இருக்கும்.

பிறகு காலம். மூன்று மையும் ஒரே வேகத்தில் வெளுக்காது. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் 870, 1270 பிரிண்டர்களில் அச்சிட்ட படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சாக மாறி உலகமெங்கும் பெரிய புகாரானது. காற்றிலுள்ள ஓசோன் சியான் மையை முதலில் தின்றுவிட்டது காரணம். அதற்குப் பிறகு நிறுவனங்கள் மைகளைத் திருத்திவிட்டன. ஆனால் நம் ஊரில் லிட்டர் கணக்கில் வாங்கி ஊற்றும் மலிவு மைக்கு யார் உத்தரவாதம்? திதிக்கு மூன்று தடவை மாலை மாற்றுவதற்குள் அய்யா செங்காமட்டி ஆகிவிடுகிறார். சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரைச் சூடு, சித்திரை வெயில் எல்லாம் சேர்ந்து வேலையைத் துரிதப்படுத்தும்.

இப்போது மை வந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம், அதில் ஒரு அரசியல் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் போட்டோ பிரிண்டர்கள் நான்கு மையிலிருந்து ஆறு மைக்கு வளர்ந்தன. கூடுதலாக வந்த இரண்டும் என்ன? வெளிர் சியான், வெளிர் மெஜெந்தா. எதற்கு? வானமும் வெளுத்த தோலும் புள்ளி தெரியாமல் வழவழவென்று வரவேண்டும் என்பதற்கு. சாம்பல் மை அப்புறம்தான் வந்தது. எச்பி 2003இல் மூன்று கறுப்பு வெள்ளை மைகள் கொண்ட ஒரு தனி கார்ட்ரிட்ஜைக் கொடுத்தது. எப்சன் 2005இல் கே3 என்ற மை வரிசையில் கறுப்பு, வெளிர்கறுப்பு, அதனினும் வெளிர்கறுப்பு என்று மூன்று படி வைத்தது. கேனன் 2011இல் வெளியிட்ட பிக்ஸ்மா புரோ-1 பிரிண்டரில் பன்னிரண்டு தொட்டி, அதில் ஐந்து கறுப்புக்கும் சாம்பலுக்கும். இவையெல்லாம் விலை உயர்ந்த இயந்திரங்கள். நம் தாலுகா ஸ்டூடியோக்களில் ஐடி கார்டிலிருந்து கருமாதிப் படம் வரை அடித்துத் தள்ளும் எப்சன் எல்805, எல்8050 வகை இயந்திரங்களைத் திறந்து பாருங்கள். ஆறு தொட்டி. வெளிர் சியானுக்கு ஒன்று, வெளிர் மெஜெந்தாவுக்கு ஒன்று. சாம்பலுக்கு இல்லை.

1977இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி முதலமைச்சராக்கியது இதே அருப்புக்கோட்டைத் தொகுதிதான். அவர் படத்தை இந்த ஆறு தொட்டி இயந்திரத்தில் போட்டால் பரவாயில்லாமல் வரும். அந்த வெளிர் மைகள் அந்த மாதிரி முகத்துக்கு உதவும். அவருக்கு ஓட்டுப்போட வரிசையில் நின்ற கடலைக்காட்டுக் கூலிக்காரரின் படத்தைப் போட்டுப் பாருங்கள். வராது. அவர் முகம் முழுவதும் நடுச் சாம்பலுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பகுதியில் இயந்திரம் கறுப்பைக் கொட்டி மூடிவிடும், கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும். இல்லையென்றால் கலர் மைகளைக் கலந்து சேறாக்கும். ஸ்டூடியோக்காரர் என்ன செய்வார்? “கொஞ்சம் பிரைட் பண்ணிருவோம் அண்ணே” என்று முகத்தை மேலே தூக்குவார். தூக்கினால் படம் இயந்திரத்துக்கு வசதியான இடத்துக்கு வந்துவிடும். இப்படித்தான் இயந்திரத்தின் இயலாமை நம் தோலின் குறையாக மாறுகிறது. மைக்குத் தகுந்த மாதிரி மனுஷனைத் திருத்துகிறோம், செருப்புக்குத் தகுந்த மாதிரி காலைச் செதுக்குகிற கதை.

சாம்பல் மை இருந்தால் என்ன நடக்கும்? அடர்ந்த பகுதிகளைக் கறுப்பு மையை அவசரமாகக் கொட்டாமல் அடர்சாம்பலை நெருக்கி நெருக்கி வைத்தே கட்டலாம். கறுப்பு கடைசியில் கண்மணிக்கும் மயிருக்கும் மட்டும் வரும். நெற்றிக்கும் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பிழைத்துக்கொள்ளும். கறுத்த முகத்துக்குத் தேவைப்படுவது வெளிச்சம் கூட்டுவதில்லை. கறுப்புக்குள் படிகள் வேண்டும், அவ்வளவுதான்.

நம் பேச்சில் இந்தப் படிகள் இருக்கவே செய்கின்றன. கறுப்பு, அட்டக்கறுப்பு, மாநிறம், புதுநிறம், ‘கறுப்புன்னாலும் களையான கறுப்பு’ என்று பெண் பார்க்கப் போனவர்கள் வந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மாடு வாங்கப் போனால் இன்னும் நுட்பம். காரி வேறு, மயிலை வேறு. மயிலையிலேயே அடர்ந்தது வெளிர்ந்தது என்று சந்தையில் தரம் பிரித்துப் பேசுவார்கள். கரிசல் மண்ணிலேகூட மழை பெய்த மறுநாள் ஒரு கறுப்பு, வெடித்துக் கிடக்கும்போது ஒரு சாம்பல். மாட்டுக்கும் மண்ணுக்கும் இத்தனை சொல் வைத்திருக்கிற ஊர், அப்பன் முகத்தை அச்சடிக்க ஒற்றைக் கறுப்பு போதும் என்று ஏன் ஒத்துக்கொண்டது?

‘அந்தக் காலத்து ஸ்டூடியோ மட்டும் யோக்கியமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிளேட்டுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, அதனால் நம் பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கறுத்துப் பதிந்தது. அதை ஈடுகட்டவும், ஆளைச் ‘செவப்பாக்கவும்’, நெகட்டிவின் மேல் கூர்பென்சிலால் தடவி டச்சிங் செய்தார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். ஆக, வெளுப்பு ஆசை புதிதில்லை. ஆனால் அந்த டச்சிங் செய்தவர் முன்னால் ஒரு முகம் உட்கார்ந்திருந்தது, அவர் கைக்கும் ஒரு வரம்பு இருந்தது. பென்சில் தடவிய பிறகும் மிச்சமிருந்த சாம்பலை வெள்ளித் தாள் சிந்தாமல் வாங்கிக்கொண்டது. நாம் இன்று ஆசையையும் வைத்துக்கொண்டு அந்தத் தாளையும் தொலைத்துவிட்டோம்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, “யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?” என்பது. இதை நான் வெறுக்கிறேன். தெரியும். மேலே சொன்ன பாட்டிக்குத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்ல அவளிடம் தொழில்நுட்ப வார்த்தை இல்லை, ‘யாரோ மாதிரி இருக்கு’ என்று சொன்னாள். மல்லிகைப் பூவைக் கையில் எடுத்ததுமே நேற்றுப் பறித்ததா இன்று பறித்ததா என்று சொல்கிற சனம் இது. அதன் கண்ணை மட்டம் தட்ட வேண்டாம்.

இரண்டாவது, செலவும் சூடும். இதில் பாதி உண்மை. சாம்பல் மை பிரிண்டர் விலை கூடுதல்தான். நிறமித் துகள் மை அடியில் படியும், நம் வறண்ட சூட்டில் நாசில் அடைக்கும், வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்ட வேண்டும். ஆனால் இன்றைக்குக் கடையில் வழி இருக்கிறது. எப்சன் எல்8180இல் சாம்பலுக்கு ஒரு தொட்டி உண்டு. கேனன் ஜி670இலும் சாம்பல் உண்டு. இவை அருங்காட்சியகத் தரம் என்று சொல்ல மாட்டேன், ஒரே ஒரு சாம்பல்தான். ஆனாலும் பச்சை அய்யாவுக்கு அது எவ்வளவோ மேல். பேனருக்கும் ஆல்பத்துக்கும் லட்சங்களில் இயந்திரம் இறக்குகிற ஊரில், ஒரு தாலுகாவுக்கு ஒரு சாம்பல் தொட்டி கட்டுப்படியாகாது என்பதை யார் நம்புவது?

இன்னும் ஒரு படி மேலே போகிறவர்களுக்கும் பாதை போட்டாயிற்று. அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர் பீசோகிராஃபி என்ற பெயரில், கலர் மைகளைத் தூக்கிவிட்டு எல்லாத் தொட்டியிலும் வெவ்வேறு அடர்த்தியில் கரி மையே நிரப்பும் முறையை இருபது வருஷத்துக்கும் மேலாக நடத்திவருகிறார். பால் ரோர்க் என்பவர் ஒரே கறுப்பு நிறமி மையை வாங்கி, வடிநீரும் கிளிசரினும் சேர்த்துப் படிப்படியாக நீர்க்கவைத்துச் சாம்பல்களை வீட்டிலேயே செய்துகொள்ளும் அளவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டிருக்கிறார். ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன்ரிப் என்ற மென்பொருள் எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு மை விழவேண்டும் என்பதை நம் கையில் கொடுக்கிறது. சாயப்பட்டறையில் ஒரே சாயத்தை எத்தனை மடங்கு நீர்த்தால் என்ன நிறம் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்த ஊருக்கு இது பெரிய வித்தையா?

அந்த மையில் இருப்பது என்ன? கரி. எண்ணெயோ வாயுவோ அரைகுறையாக எரியும்போது படியும் கரி, தலைமயிர்ப் பருமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் சிறிய துகளாக. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டு, எழுத்துத் தெரிய நம் ஆட்கள் தடவியதும் விளக்குக்கரிதான். சுவடியைக் கரையான் தின்றது, தண்ணீர் தின்றது, எழுத்தின் கறுப்பை வெயில் தின்னவில்லை. கரி வெளுக்காது. திருச்சுழியைச் சுற்றி சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு லாரி லாரியாகக் கரியை வெளியூருக்கு ஏற்றுகிறோம். அந்தக் கரியை அப்படியே பிரிண்டரில் ஊற்ற முடியாது, தெரியும். ஆனால் கரியோடு பிறந்து கரியில் பிழைக்கிற சனத்தின் முகம் மட்டும் சியான், மெஜெந்தா, மஞ்சள் கூட்டணியில் தொங்குகிறது.

மூன்றாவது எதிர்வாதம், “ஜனம் கலர்தானே கேக்குது, சார்?” என்பது. கேட்கிறது, உண்மை. மைஹெரிட்டேஜ் 2020இல் பழைய படங்களுக்குத் தானே நிறம் பூசும் வசதியைக் கொண்டுவந்த பிறகு, அந்த மாதிரிச் செயலி இல்லாத செல்போன் இல்லை. ஆனால் அந்த இயந்திரம் அப்பத்தாளின் சேலை என்ன நிறம் என்பதைக் கண்டுபிடிப்பதில்லை. தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான படங்களிலிருந்து, இந்த மாதிரி இடத்தில் இந்த நிறம் இருக்கலாம் என்று ஊகிக்கிறது. அவள் அரக்குச் சுங்குடி கட்டியிருந்திருக்கலாம், அது நீலம் போட்டுவிடும். சேலை போகட்டும், தோல்? அதுவும் ஊகம்தான், யாரோ ஒருவரின் சராசரி. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் சாட்சி சொன்னது. சாட்சி சொல்லாததைச் சொன்னதாக எழுதிக்கொள்வதற்கு கோர்ட்டில் என்ன பெயர்? பேரன் பேத்திகள் விளையாட்டாகச் செய்து செல்போனில் பார்த்துக்கொள்ளட்டும், சுவரில் மாட்ட வேண்டாம்.

திருச்சுழியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1879இல் அங்கே பிறந்தவர் ரமணர், பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இருக்கிறது. 1950இல் மறைந்த அவரையும் உலகம் கறுப்பு வெள்ளையில்தான் அறியும். ஜி.ஜி.வெல்லிங் 1946இல் எடுத்த முகப்படத்தைப் பார்க்காதவர் குறைவு. பக்தி இருக்கிறதோ இல்லையோ, அந்தப் படத்தில் நரைத்த தாடிக்கும் தோலுக்கும் நடுவே வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு இறங்கும் மெல்லிய சரிவு ஒன்று இருக்கிறது. முகத்தின் அமைதி பாதி அந்தச் சரிவில்தான் இருக்கிறது. கடைகளில் நிறம் பூசி விற்கும் பிரதிகளில் தாடி ஒரு பஞ்சு, தோல் ஒரு களிம்பு, சரிவைக் காணோம்.

நான்காவது எதிர்வாதம் கொஞ்சம் பெரிய இடத்திலிருந்து வருவது. புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங், 1998இல் வந்த தன் ‘ரிவர் ஆஃப் கலர்’ நூலில், கறுப்பு வெள்ளை மேற்கத்திய மனதுக்கு உரியது, இந்தியக் கண் வண்ணத்தில்தான் சிந்திக்கிறது என்று வாதிட்டார். அவர் படங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வாதத்தின் மேல் இல்லை. எந்த இந்தியா? சித்திரை மத்தியானத்தில் பரளச்சிப் பக்கம் கரிசலில் நின்று பார்க்கட்டும். மண், கருவேலம், ஆட்டுக்கிடை, வானம் எல்லாம் வெயிலில் வெந்து சாம்பலின் படிகளாகத்தான் கிடக்கும். அது எங்களுக்குச் சோகமில்லை, மேற்கிலிருந்து இரவல் வாங்கியதும் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பது. தவிர, உயிரோடு இருப்பவர்களை வண்ணத்தில் எடுப்பதை யார் தடுத்தது? கேள்வி இறந்தவர்களைப் பற்றியது. அவர்கள் நமக்கு விட்டுப்போனது கறுப்பு வெள்ளையைத்தான்.

இலக்கியம் படிக்கிற நீங்களும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. உங்கள் அலமாரியிலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் பாருங்கள். எழுத்தாளரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நான்கு கலரில் அச்சடித்திருந்தால் முகம் லேசாக ஊதாவோ பச்சையோ அடித்திருக்கும். உள்பக்கத்தில் ஒற்றைக் கறுப்பில் போட்டிருந்தால் மை ஊறிக் கண்ணாடிப் பிரேமும் மீசையும் மட்டும் தெரியும். ஆஃப்செட்டில் இதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்தாயிற்று. டூயோடோன் என்பார்கள், கறுப்போடு இரண்டாவது மையாகச் சாம்பலைச் சேர்த்து ஒரே படத்தை இருமுறை அச்சடிப்பது. பிரிண்டரில் சாம்பல் தொட்டி செய்யும் வேலையும் அதேதான். அட்டையில் தங்க எழுத்துக்கும் பளபளப்புப் பூச்சுக்கும் செலவழிக்கிற பதிப்பாளருக்கு எழுத்தாளர் முகத்துக்கு ஒரு சாம்பல் வாங்க மனம் வருவதில்லை. கேட்டால், வாசகர் கேட்பதில்லை என்கிறார்கள். கேளுங்கள்.

ஆவணக்காப்பாளர்களிடமும் ஒரு வார்த்தை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் போய் மின்வடிவில் சேர்த்திருக்கிறார்கள். மகத்தான காரியம். ஆனால் ஸ்கேன் என்பது நெல்லைக் குதிருக்குள் போட்டு வைப்பது. பசிக்குச் சோறு வேண்டும். வீட்டுக்குத் திரும்பப்போவது பிரிண்ட். கண்காட்சி வைக்கிறவர்களும் நூலகங்களும் ஊர் வரலாற்றுக் குழுக்களும், ‘ஸ்கேன் பண்ணியாச்சு’ என்பதோடு நிறுத்தாமல், எந்த மையில் எந்தத் தாளில் திருப்பித் தருகிறோம் என்பதையும் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கரி மையும் குறை இல்லாததில்லை. நீர்க்க நீர்க்கக் கொஞ்சம் பழுப்புக்குச் சாயும், அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் நீல நிறமி சேர்ப்பவர்கள் உண்டு. மழமழப்பு இல்லாத தாளில் அதன் கறுப்பு பழைய பளபளப்புத் தாளின் கறுப்பு ஆழத்துக்குப் போகாது. இதெல்லாம் தொழிலுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. பச்சை அய்யாவோடு ஒப்பிட்டால் இவை பேசக்கூடத் தகுதியில்லாத குறைகள்.

ஆகவே ஸ்டூடியோ அண்ணாச்சிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். அடுத்த இயந்திரம் வாங்கும்போது தொட்டிகளின் பெயரைப் படியுங்கள். சாம்பல் இல்லாததை வாங்காதீர்கள். கருமாதிக்கு மூன்று நாள் இருக்கும்போது அழுத கண்ணோடு ஒருவன் படத்தை நீட்டினால், ‘கலராக்கிரலாமா, செவப்பாக்கிரலாமா’ என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். உள்ளபடி ஒன்று அடித்துக் காட்டுங்கள். அதை வெயிலில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை நீங்களே பார்த்துவிட்டுக் கொடுங்கள். படம் கொண்டுபோகிறவர்களே, வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் பிரேம் போடும் முன்னால் அவரிடம் காட்டுங்கள். அந்த ஆள்தானா என்று அவர் சொல்லட்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள், சண்டை போடுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

அடுத்த ஜூலை 15க்கு ஒரே ஒரு பள்ளிக்கூடமாவது ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுக்கட்டும். காமராஜரின் நல்ல கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் சாம்பல் மையில் தாளில் அச்சடித்துப் பிரேம் போட்டு மாட்டட்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் நிறம்தான். ஒரு பிள்ளையாவது அதைப் பார்த்துவிட்டு, “சார், இவரு நம்மள மாதிரி இருக்காரு” என்று சொன்னால் அந்த ஒரு தொட்டி மைக்குக் கொடுத்த காசு வந்துவிட்டது.